படையா, பேச்சா, வளர்ச்சியா? தேசியப் பாதுகாப்பு உத்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டைக் காப்பது ராணுவத்தின் வேலை. அதில் ராஜதந்திரமும் வளர்ச்சியும் எங்கே வருகின்றன?

எல்லையைத் தாண்டி வரும் எதிரியைத் தடுப்பது ராணுவத்தின் வேலைதான். ஆனால் நாடுகள் வீழ்வது எப்போதும் எல்லையில் அல்ல. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் கிடங்குகளில் பல்லாயிரம் அணுகுண்டுகள் இருந்தன. எந்த எதிரிப் படையும் மாஸ்கோவுக்குள் நுழையவில்லை. பொருளாதாரம் நொடித்தது, குடியரசுகள் பிரிந்தன, கதை முடிந்தது.

இன்னும் அண்மையில் இலங்கையைப் பாருங்கள். 2009 மே மாதத்தில் போரைப் படைபலத்தால் முடித்த அரசு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கு வரிசை நீண்டது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படை அப்போதும் அப்படியே இருந்தது. அதை 2030-க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசே அறிவிக்க வேண்டி வந்தது. போரின் வேரில் இருந்த அரசியல் பிரச்சினைக்கோ இன்றுவரை தீர்வு எட்டப்படவில்லை. படை தன் வேலையைச் செய்தது. மற்ற இரண்டு வேலைகளைச் செய்ய ஆளில்லை.

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது புதிய வழக்கமா?

பெயர் புதிது, பழக்கம் பழையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் மார்ஷல், 1947-இல் வெளியுறவு அமைச்சராக நின்று ஐரோப்பாவை மீட்டெடுக்கும் பொருளாதாரத் திட்டத்தை முன்வைத்தார். 1948 முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர், 16 நாடுகளுக்கு. அந்தத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1949 ஏப்ரலில் நேட்டோ ராணுவக் கூட்டணி பிறந்தது. மார்ஷல் பின்னர் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். 1953-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். மூன்று துறைகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து போயின என்பது தற்செயல் அல்ல. படை எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பது ஒரு தளபதிக்குத் தெரிந்திருந்தது.

இந்த மூன்றையும் ஒரே வரியில் அடுக்கும் அரசு ஆவணங்கள் 2001-க்குப் பிறகுதான் பெருகின. 2002-இல் அமெரிக்கா வெளியிட்ட உத்தி ஆவணம் வளர்ச்சியை முக்கியத் தூணாக உயர்த்தியது. கனடாவும் நெதர்லாந்தும் அதே வழியில் போயின.

சமநிலை என்றால் மூன்றுக்கும் சம அளவு நிதி ஒதுக்குவதா?

இல்லை. இப்படிப் புரிந்துகொள்வதால்தான் விவாதமே தடம் புரள்கிறது.

2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம். அதே ஆண்டில் வளர்ந்த நாடுகள் கொடுத்த அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி சுமார் 21,200 கோடி டாலர். முதலாவது இரண்டாவதைப்போல் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. இதைக் காட்டி உலகமே நியாயமற்றது என்று கொதிப்பவர்கள் உண்டு. கொதிப்பதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பீடு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டப் பெரும் பணம் வேண்டும். ஓர் எல்லை உடன்படிக்கைக்கு வேண்டியது அனுபவமுள்ள சில அதிகாரிகளும், பல ஆண்டுப் பொறுமையும், உள்நாட்டில் வசவு வாங்கத் துணிந்த ஒரு தலைவரும்தான்.

இந்தியாவும் வங்கதேசமும் 2015-இல் 162 நிலத்திட்டுகளைப் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டின் நிலம் மற்ற நாட்டுக்குள் தீவுபோலக் கிடந்த நிலை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. அந்தப் பேச்சின் செலவு எந்தப் பாதுகாப்பு பட்ஜெட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பயனோ, நாலாயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட ஓர் எல்லையில் பழைய சண்டை ஒன்று இல்லாமல் போனது.

ஆகவே பார்க்க வேண்டியது பங்கு விகிதம் அல்ல. எந்த அச்சுறுத்தலுக்கு எது மருந்து, அது போதுமான அளவு கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2007-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ஒரு கணக்குச் சொன்னார்: நாட்டின் தொழில்முறை தூதரக அதிகாரிகள் மொத்தம் சுமார் 6,600 பேர், ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல் அணியில் இருப்பவர்களைவிட அது குறைவு. ராணுவத்தின் தலைமையில் இருந்தவரே வெளியுறவுத் துறைக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மூன்றுக்கும் கால அளவும் வேறு. படை சில நாள்களில் நகரும். பேச்சு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நடக்கும். பள்ளி, சாலை, நீதிமன்றம், நிலப்பட்டா ஆகியவற்றின் பயன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். தேர்தலோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. உடனே பலன் காட்டுவதற்கே அரசியல்வாதியின் கை நீளும் என்பதில் வியப்பு ஒன்றுமில்லை.

படைபலம் இருந்தால்தான் பேச்சுவார்த்தை பலிக்கும் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் இதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

முழுமையாகச் சொல்ல நல்ல உதாரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. 1967-இல் பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் பியர் ஹார்மெல் தலைமையில் நேட்டோ ஓர் அறிக்கை தயாரித்தது. தாக்குதலைத் தடுக்கும் படைபலமும் எதிர்த் தரப்புடன் பதற்றம் தணிக்கும் பேச்சும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்றது அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதற்குச் சோதனை வந்தது. சோவியத் ஒன்றியம் எஸ்.எஸ்.-20 என்ற நடுத்தரத் தூர ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவைக் குறிவைத்து நிறுத்தியது. 1979 டிசம்பரில் நேட்டோ எடுத்த முடிவுக்கு இரண்டு தடங்கள்: ஐரோப்பாவில் 572 அமெரிக்க ஏவுகணைகளை நிறுத்துவோம், அதே வேளையில் இரு தரப்பும் குறைத்துக்கொள்ளப் பேசுவோம்.

நடுவில் நடந்தது அழகாக இல்லை. மேற்கு ஜெர்மனியில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 1983 இறுதியில் ஏவுகணைகள் வந்திறங்கியதும் சோவியத் தரப்பு பேச்சைவிட்டு எழுந்து போனது. இரண்டு தடமும் தோற்றுவிட்டதாகவே அன்று தோன்றியது. 1985-இல் பேச்சு மறுபடி தொடங்கி, 1987 டிசம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஏவுகணை இல்லாமல் பேசியிருந்தால் மாற்றிக்கொள்ளக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. பேச்சு என்ற தடம் இல்லாதிருந்தால் அந்த ஏவுகணைகள் இன்றும் அங்கேயே நின்றிருக்கும். மாஸ்கோவில் கோர்பச்சேவ் போன்ற ஒருவர் பதவிக்கு வந்ததும் இதில் பங்கு பெற்றது. அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019-இல் அந்த உடன்படிக்கை முறிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் எழுந்த 1962 அக்டோபர் நெருக்கடியைப் படைபலத்தின் வெற்றி என்று நீண்ட காலம் கொண்டாடினார்கள். அமெரிக்கக் கடற்படை வழிமறித்தது, சோவியத் கப்பல்கள் திரும்பின என்பது பாதிக் கதை. கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவும், துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவோம் என்று ரகசியமாகவும் கென்னடி அரசு வாக்குக் கொடுத்தது. அந்த ரகசியம் பல ஆண்டுகள் வெளியே வரவில்லை. அதனால் ‘இறுக்கிப் பிடித்தால் எதிரி பணிவான்’ என்ற தவறான பாடத்தை ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் 1994 புடாபெஸ்ட் ஒப்பாவணம். உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களைக் கைவிட்டது. அவற்றை ஏவும் கட்டுப்பாடு தன் கையில் இருக்கவில்லை என்பதும் உண்மை. பதிலுக்கு அதன் எல்லையை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. மீறினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வாசகம் அதில் இல்லை. 2014-இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதும், 2022-இல் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு நடத்தியதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆயுதம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் அல்லவா?

ஓரளவு வரை. நான் தற்காப்புக்காக வாங்குவதைப் பக்கத்து நாடு தாக்குதலுக்கான ஆயத்தமாகப் பார்க்கும், அதுவும் வாங்கும், முடிவில் இருவரும் செலவழித்துவிட்டு முன்பைவிட அச்சத்துடன் இருப்போம். இதைத்தான் 1950-களிலிருந்து அறிஞர்கள் ‘பாதுகாப்புப் பொறி’ என்ற பொருளில் பேசிவருகிறார்கள். இதிலிருந்து மீள ஆயுதத்தைக் கீழே போட வேண்டியதில்லை. நோக்கம் என்ன என்று எதிராளிக்குத் தெரியும் வழி இருந்தாலே பாதி ஆபத்து குறையும். கியூப நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைக்கப்பட்டது. 1972-இல் இரு நாட்டுக் கடற்படைகளும் நடுக்கடலில் மோதலைத் தவிர்க்கும் விதிகளை ஒப்புக்கொண்டன. மலிவான ஏற்பாடுகள். இன்றும் பல பகை நாடுகளுக்கு இடையே இவைகூட இல்லை.

ராணுவமே இல்லாமல் ஒரு நாடு இருக்க முடியுமா?

கோஸ்டா ரிகா இருக்கிறது. 1948 டிசம்பர் 1 அன்று அப்போதைய ஆட்சித் தலைவர் ஹோசே பிகெரெஸ் ராணுவத்தைக் கலைத்தார். அந்த மாதமே நிகரகுவா பக்கத்திலிருந்து ஆயுதக் குழுக்கள் உள்ளே வந்தன. நாடு அமெரிக்க நாடுகள் அமைப்பிடம் போய், அதற்குச் சற்று முன்தான் நடைமுறைக்கு வந்திருந்த ரியோ கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு தப்பியது. 2010-இல் எல்லை ஆற்றோரம் நிகரகுவா மறுபடி ஆள்களை அனுப்பியபோது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2015-இல் தீர்ப்பு கோஸ்டா ரிகாவுக்குச் சாதகமாக வந்தது. 2018-இல் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

இதை எல்லோருக்குமான பாதை என்று சிலர் சொல்லும்போது எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நாட்டைச் சுற்றியுள்ள அண்டை நாடுகளும், அந்தப் பகுதியில் இன்னொரு படையெடுப்பைப் பொறுக்காத ஒரு வல்லரசும் சேர்ந்துதான் அது சாத்தியமாயிற்று. அதோடு, வெளி எதிரி இல்லாத இடத்தில் போதைக் கடத்தல் நுழைந்தது. 2023-இல் அங்கே கொலைகளின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. ராணுவம் இல்லை என்பதால் ஆயுதம் தாங்கிய அரசு தேவையில்லை என்றாகிவிடாது.

கலவரப் பகுதியில் வளர்ச்சிப் பணத்தைக் கொட்டினால் கிளர்ச்சி அடங்கிவிடாதா?

வறுமைதான் வன்முறைக்கு விதை, ஆகவே பணம்தான் மருந்து என்ற எண்ணம் கேட்க இனிமையாக இருக்கும். களத்தில் கிடைத்த சான்றுகள் அவ்வளவு இனிமையானவை அல்ல.

ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுகளில் அமெரிக்கா மட்டும் மறுசீரமைப்புக்கு 14,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. விலைவாசி உயர்வைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் இது மார்ஷல் திட்டத்தைவிட அதிகம் என்று அந்நாட்டுச் சிறப்புத் தணிக்கை அமைப்பே எழுதியது. ஆனால் அதில் பாதிக்கு மேல் போனது ஆப்கன் படைகளையும் போலீசையும் உருவாக்க. வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் நடந்ததே பெரும்பாலும் ராணுவ வேலை. மீதிப் பணத்தை, இந்த ஆண்டுக்குள் இவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், அரசு நிர்வாகமே இல்லாத இடங்களில் இறைத்தார்கள். இறைத்த பணத்தை ஒப்பந்ததாரர்களும் உள்ளூர்த் தலைவர்களும், சில இடங்களில் தாலிபான்களும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ராஜதந்திரத்தின் தவறு இன்னும் பெரியது என்பது என் கருத்து. 2001 இறுதியில் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆட்சியை வடிவமைத்தபோது, தோற்றுப்போய்ப் பலவீனமாக இருந்த தாலிபானை மேசைக்கு அழைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானுடன் ஒப்பந்தம் போட்டபோது, காபூல் அரசை மேசைக்கு அழைக்கவில்லை. வலுவாக இருந்தபோது பேசாமல், கிளம்பும் தேதியை அறிவித்துவிட்டுப் பேசினார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது.

பிலிப்பைன்ஸ் தரும் பாடம் நுட்பமானது. அங்கே ஏழ்மையான நகராட்சிகளுக்கு அரசு ஒரு சமூக வளர்ச்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2014-இல் வெளியான ஆய்வொன்று, திட்டத்துக்குத் தகுதி பெற்ற பகுதிகளையும் மயிரிழையில் தகுதி இழந்த பகுதிகளையும் ஒப்பிட்டது. தகுதி பெற்ற பகுதிகளில் தொடக்கக் கட்டத்தில் மோதல் சாவுகள் கூடியிருந்தன. திட்டம் வெற்றி பெற்றால் மக்கள் அரசின் பக்கம் சாய்வார்கள் என்பது கிளர்ச்சியாளர்களுக்கும் தெரியும். ஆகவே முளையிலேயே கிள்ளப் பார்த்தார்கள். ஈராக்கில் செய்யப்பட்ட ஆய்வுகளோ சிறிய திட்டங்கள் வன்முறையைக் குறைக்க உதவின என்று காட்டின. ஆனால் அவை நடந்த இடத்தில் பாதுகாப்பு இருக்க வேண்டும், உள்ளூர் நிலைமை தெரிந்தவர்கள் உடன் இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் போட்ட பெரிய திட்டங்களுக்கு அந்தப் பலன் இல்லை.

மலாயாவை எப்போதும் வெற்றிக் கதையாகக் காட்டுவார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலையில் பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கியது. குடியுரிமை விரிவாக்கப்பட்டது, விடுதலைக்குத் தேதி குறிக்கப்பட்டது, 1957-இல் அது வந்தும் சேர்ந்தது. எல்லாம் சரி. ஆனால் சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீன வம்சாவளியினரை, முள்வேலி போட்ட ‘புதிய கிராமங்களுக்கு’ வலுக்கட்டாயமாக மாற்றியதும் அதே திட்டத்தின் பகுதிதான். மனங்களை வென்றார்கள் என்று எழுதுபவர்கள் முள்வேலியை விட்டுவிடக் கூடாது.

மூன்றும் சேர்ந்து பலித்த இடம் ஒன்றாவது உண்டா?

கொலம்பியா. அதுவும் முழுமையாக அல்ல. அதனால்தான் அதை விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

பார்க் (FARC) என்ற இடதுசாரிக் கிளர்ச்சிக் குழுவுடன் 1998-இல் அரசு பேச்சு தொடங்கியது. நல்லெண்ணத்தைக் காட்ட 42,000 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து படையை விலக்கிக்கொண்டது. குழு அந்த இடத்தை ஆள்கடத்தலுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தியது. 2002-இல் பேச்சு முறிந்தது. அரசு பலவீனமாக இருந்தபோது நடந்த பேச்சு அது. எதிர்த் தரப்புக்கு விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

அதன் பிறகு அமெரிக்க உதவியுடன் படை வளர்ந்தது; ஹெலிகாப்டர்கள் வந்தன, உளவு மேம்பட்டது. சுமார் 20,000 பேர் இருந்த குழு பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே சுருங்கியது. இந்த வெற்றியின் அடியில் ஒரு பயங்கரம் இருந்தது. கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையை வைத்தே படைப்பிரிவுகளின் திறமையை அளந்தார்கள். விளைவு, அப்பாவிகளைக் கொன்று கிளர்ச்சியாளர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். 2002 முதல் 2008 வரை 6,402 பேர் இப்படிக் கொல்லப்பட்டதாக அந்நாட்டு அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது. எதை அளக்கிறோமோ அதுதான் உற்பத்தியாகும்; ராணுவத்திலும் அப்படித்தான்.

அந்தப் போரைப் பாதுகாப்பு அமைச்சராக நடத்திய ஹுவான் மானுவேல் சாண்டோஸ் 2010-இல் அதிபரானார். களத்தில் கை ஓங்கியிருந்தபோதே பேசத் துணிந்தார். 2012 முதல் நான்கு ஆண்டுகள் ஹவானாவில் பேச்சு நடந்தது. கியூபாவும் நார்வேயும் உத்தரவாதம் அளித்த நாடுகள். ஒப்பந்தத்தின் முதல் அத்தியாயம் போர்நிறுத்தம் அல்ல, கிராமப்புற நிலச் சீர்திருத்தம்! 2016 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை மயிரிழையில் நிராகரித்தார்கள். திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தாகி நாடாளுமன்றம் வழியாக நிறைவேறியது. 2017-இல் ஏறத்தாழ 7,000 பேர் ஐ.நா. முன்னிலையில் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள்.

சறுக்கியது மூன்றாம் கட்டத்தில். பார்க் விலகிய காடுகளுக்குள் அரசு போய்ச் சேரவில்லை. சாலை, நீதிமன்றம், பட்டா எல்லாம் மெதுவாக வந்தன. அவற்றுக்கு முன்பே வேறு ஆயுதக் குழுக்களும், கொக்கைன் போதைப்பொருளுக்கான கோக்கா இலை வணிகமும் அங்கே குடியேறிவிட்டன. முன்னாள் போராளிகளும் உள்ளூர்ச் சமூகத் தலைவர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். படைக்கு ஆன செலவைப் பார்த்துக் கண் சிமிட்டாத அரசியல், நிலப்பட்டாவுக்கு ஆகும் செலவைக் கேட்டதும் சோர்ந்துபோனது.

வர்த்தகம் பெருகினால் போர் வராது என்கிறார்களே?

யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1951-இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வேறு நான்கு நாடுகளும் சேர்ந்து நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் கொண்டுவந்தன. போர்க்கருவி செய்யத் தேவையான இரண்டு பொருள்களின் மீதும் தனியாக முடிவெடுக்கும் உரிமையை எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். அது பலித்தது.

ஜெர்மனி ரஷ்யாவிடம் எரிவாயு வாங்கியது வேறு வகை. குழாய் இருந்தது, பொது அமைப்பு இல்லை. 2014-இல் கிரிமியா கைப்பற்றப்பட்ட பிறகும் இரண்டாவது குழாய்த் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2022 பிப்ரவரிக்கு முன் ஜெர்மனியின் எரிவாயு இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. வாங்குபவனைக் கட்டுப்படுத்திய அந்த வர்த்தகம் விற்பவனைக் கட்டுப்படுத்தவில்லை. பிப்ரவரி 27 அன்று ஜெர்மன் அரசு தன் படைக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை அறிவித்தது; மலிவான எரிவாயுவில் மிச்சம் பிடித்தது இப்படிப் போனது.

வெளிநாட்டு உதவியும் கடனும் ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்துமா?

படுத்தலாம். 1960-களின் நடுவில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. 1966-இல் ஒரு கோடி டன்னுக்கும் மேல் தானியம் இறக்குமதியானது. அதிபர் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் சிறிது சிறிதாக விடுவித்தார். வேளாண் கொள்கையை மாற்றச் சொல்லும் அழுத்தமும், வியட்நாம் போர் பற்றிய இந்தியாவின் விமர்சனத்தின் மீதான எரிச்சலும் அதில் கலந்திருந்தன. 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி போர்வீரனையும் உழவனையும் ஒரே முழக்கத்தில் வாழ்த்தியது வெறும் மேடைப் பேச்சு அல்ல. வெளியுறவில் தன் விருப்பப்படி பேச, முதலில் சொந்த வயலில் விளைய வேண்டும் என்பது அன்று நடைமுறைக் கணக்கு. பசுமைப் புரட்சிக்கு இந்த அவமானமும் ஒரு தூண்டுகோல்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் இலங்கை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்குக் கொடுத்ததை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் 2022 நெருக்கடியில் சீனக் கடனைவிடச் சர்வதேச சந்தையில் விற்ற கடன் பத்திரங்களின் பங்குதான் பெரிது. கடன் கொடுத்த ஒருவரை மட்டும் கைகாட்டினால் சொந்த நிதி நிர்வாகத்தின் பிழை மறைந்துபோகும்.

சிறிய நாடு என்ன செய்வது?

பெரிய நாட்டைப்போல் நடந்துகொள்ளாமல் இருப்பதே முதல் வேலை. சிங்கப்பூர் 1967-இல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. 1984-இல் ‘முழுமைப் பாதுகாப்பு’ என்ற கொள்கையை அறிவித்து ராணுவம், குடிமைப் பாதுகாப்பு, பொருளாதாரம், சமூகம், மனஉறுதி என்று ஐந்து தூண்களை வைத்தது. 2019-இல் ஆறாவதாக டிஜிட்டலைச் சேர்த்தது. தூண்களை எண்ணுவதைவிடத் தண்ணீரைப் பார்ப்பது நல்லது. மலேசியாவிடமிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்குள் தன் கையை ஊன்றி நிற்க, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஆலைகளை 2003 முதல் இயக்குகிறது, கடல்நீரையும் குடிநீராக்குகிறது. ஒரு குடிநீர்த் திட்டம் எப்படிப் பாதுகாப்புத் திட்டமாகவும் பேச்சுவார்த்தையில் பலமாகவும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்லாந்து 1961 முதல் ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறது. நாடாளுமன்ற உறுப்பினர், நிறுவனத் தலைவர், பத்திரிகையாசிரியர், ராணுவ அதிகாரி எல்லோரும் சில வாரங்கள் ஒன்றாக உட்கார்ந்து, நெருக்கடி வந்தால் நாடு எப்படி இயங்கும் என்று படிக்கிறார்கள். தானியமும் எரிபொருளும் சேமித்து வைக்கத் தனி நிறுவனம் இருக்கிறது. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் அதிக எல்லை கொண்ட அந்த நாடு 2023-இல் நேட்டோவில் சேர்ந்தபோது, வெறுங்கையுடன் போய்ப் பாதுகாப்புக் கேட்கவில்லை.

நிதி நெருக்கடி வந்தால் முதலில் எது வெட்டப்படுகிறது?

தூதரகமும் உதவியும்தான். தொழிற்சாலையும் தொகுதியும் ராணுவச் செலவுக்குப் பின்னால் நிற்கின்றன. நடக்காமல் போன போருக்காக வாக்குக் கேட்க யாராலும் முடியாது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக வளர்ச்சி உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தது. அமெரிக்கா 1961-இல் கென்னடி தொடங்கிய உதவி நிறுவனத்தை 2025 ஜூலையில் மூடி, எஞ்சியதை வெளியுறவுத் துறைக்குள் அடக்கியது. அந்த உதவி முறையில் வீண்செலவு இருந்தது உண்மை. ஆனால் வெளியுறவுத் துறைக்குப் பணம் தராவிட்டால் எனக்குக் கூடுதல் தோட்டா வாங்கித் தாருங்கள் என்ற பொருளில் 2013-இல் செனட் குழுவிடம் சொன்னவர் ஜேம்ஸ் மாட்டிஸ் என்ற கடற்படைக் காலாட்படைத் தளபதி. அமைதி ஆர்வலர் சொன்னதல்ல.

மூன்று துறைகளும் மோதிக்கொண்டால் யார் தீர்மானிப்பது?

இதற்காகவே அமெரிக்கா 1947-இலும், இந்தியா 1998-இலும், பிரிட்டன் 2010-இலும், ஜப்பான் 2013-இலும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில்களை அமைத்தன. குழு அமைத்தால் மட்டும் ஒருங்கிணைப்பு வந்துவிடாது. பல இடங்களில் அது இன்னொரு கூட்டமாகவும் இன்னொரு கோப்பாகவும் முடிகிறது. நிதியை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது ஆலோசனை மன்றம், அவ்வளவே. மலாயாவில் 1952-இல் ஆளுநர் பதவியையும் படைத் தலைமையையும் டெம்ப்ளர் என்ற ஒரே மனிதரிடம் கொடுத்தார்கள், வேகம் கிடைத்தது. ஒரு மக்களாட்சியில் அப்படி ஒருவரிடம் எல்லாவற்றையும் குவிப்பதை நான் விரும்ப மாட்டேன். பிரதமரோ அதிபரோ நேரம் ஒதுக்கித் தலைமை தாங்குவதும், நாடாளுமன்றக் குழு மூன்று துறைகளையும் ஒரே அறையில் வைத்துக் கேள்வி கேட்பதும் மெதுவான வழி, பரவாயில்லை.

ஓர் உத்தி ஆவணத்தைக் கையில் எடுத்தால் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

முதலில், அப்படி ஓர் ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதிபரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆண்டுதோறும் தர வேண்டியதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தருகிறார்கள். முழு உத்தியை வெளியிடாத பெரிய நாடுகளும் உண்டு. இந்தியா அவற்றில் ஒன்று.

கிடைத்தால் முன்னுரையைத் தாண்டிப் போங்கள். எதைச் செய்யப் போவதில்லை என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எல்லா அச்சுறுத்தலும் முதன்மையானது என்றால் முன்னுரிமை எதற்கும் இல்லை. ராணுவ இலக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அரசியல் முடிவு எழுதப்பட்டிருக்கிறதா, அதாவது படை எப்போது, என்ன நடந்தால் திரும்பி வரும்? வளர்ச்சித் திட்டத்தின் வெற்றியைச் செலவான தொகையால் அளக்கிறார்களா, அல்லது பத்தாண்டு கழித்தும் வேலை செய்யும் பள்ளியாலும் நீதிமன்றத்தாலும் அளக்கிறார்களா? பிறகு அதே ஆண்டின் பட்ஜெட்டை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தில் ஐந்து பக்கம் பெற்ற தூதரகப் பணிக்குப் பட்ஜெட்டில் புதிய பணியிடங்கள் இல்லையென்றால், அந்த ஐந்து பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.